பி.டி. ஸ்லாபுக்கு மூன்று மென்பொருள்கள்: விடையைத் திறந்து காட்டுவது எது?

ஒரே பி.டி. (போஸ்ட்-டென்ஷன், அதாவது கான்கிரீட் இறுகிய பின் உள்ளே உள்ள கேபிளை இழுத்து முன்னழுத்தம் தரும்) ஸ்லாபை அடாப்ட் பில்டர், ராம் கான்செப்ட், சேஃப் மூன்றிலும் போட்டுப் பார்த்தால் ஸ்ட்ராண்ட் (முறுக்கிய எஃகுக் கம்பி) எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். தூண் ஓரத்து இழுதகைவும் (கான்கிரீட்டை இழுத்துப் பிளக்கப் பார்க்கும் தகைவு) ஹைப்பர்ஸ்டேட்டிக் மொமென்டும்தான் (கேபிளை இழுக்கும்போது தூண்கள் தடுப்பதால் எழும் கூடுதல் வளைவு மொமென்ட்) ஒத்துப்போகாது. பெரும்பாலும் மூன்றில் எதுவும் தப்புக் கணக்குப் போட்டிருக்காது. தகைவு பார்க்கும் வெட்டுக்கோட்டை எங்கே எடுத்தது, எவ்வளவு அகலத்துக்குச் சராசரி பார்த்தது, சுவர் ஸ்லாபை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று எடுத்துக்கொண்டது என்பவற்றில் ஆளுக்கொரு வழி போயிருக்கும்.

அதனால் இந்த மதிப்பீட்டில் வேகத்துக்கும் திரை அழகுக்கும் மதிப்பெண் கிடையாது. பச்சை நிறத்தில் 'சரி' என்று வந்து நிற்கும் விடையை ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்ய எந்த மென்பொருள் இடம் தருகிறது என்பது ஒன்றே அளவுகோல்.

சோதனை ஸ்லாப்

இரு திசையிலும் 8 மீட்டர் வீதம் மூன்று ஸ்பான் (தூணுக்குத் தூண் இடைவெளி), 200 மி.மீ. தடிமன், 500 மி.மீ. சதுரத் தூண்கள், 35 மெகாபாஸ்கல் கான்கிரீட். தன் எடை 5.0 கிலோபாஸ்கல், ஃபினிஷ் போன்ற கூடுதல் நிலைச்சுமை 1.5, பயன்சுமை 3.0. பிணைப்பில்லாத (கான்கிரீட்டோடு ஒட்டாத) 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட், பரப்பு 98.7 சதுர மி.மீ., வலிமை 1860 மெகாபாஸ்கல். இழப்புகள் போக ஒரு ஸ்ட்ராண்டில் நிற்பது 115 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். டென்டன் (இழுக்கும் கேபிள்) மையம் தூண் மேல் மேற்பரப்பிலிருந்து 35 மி.மீ., நடு ஸ்பானில் அடிப்பரப்பிலிருந்து 35 மி.மீ. விதிநூல் அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏ.சி.ஐ. 318.

மென்பொருளைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டிய எண்கள் இவை. உள் ஸ்பானில் டிரேப், அதாவது கேபிள் தூண் மேலிருந்து நடு ஸ்பானுக்கு இறங்கும் அளவு, 130 மி.மீ. தன் எடையில் 80 சதவீதத்தைக் கேபிளின் மேல்நோக்கு விசையால் சமன் செய்ய 8 மீட்டர் அகலத்துக்கு மீட்டருக்கு 32 கிலோநியூட்டன் தேவை. 32-ஐ ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி, டிரேப்பின் எட்டு மடங்கால் வகுத்தால் 1969 கிலோநியூட்டன் வருகிறது. அது 17 ஸ்ட்ராண்ட், அதாவது 1955 கிலோநியூட்டன். சராசரி முன்னழுத்தம் 1.22 மெகாபாஸ்கல். விதிநூலின் குறைந்தபட்சம் 0.9, ஆகவே இது இயல்பான வரம்புக்குள்தான். உண்மையில் சமனாகும் சுமை 3.97 கிலோபாஸ்கல்.

கடைசி ஸ்பானில் கதை வேறு. கேபிள் முனையைப் பிடிக்கும் ஆங்கர் தடிமனின் நடுவில், 100 மி.மீ. உயரத்தில் உட்கார்கிறது, மறுமுனை 165-ல். இரண்டின் சராசரி 132.5. அதில் 35 போனால் டிரேப் 97.5 மி.மீ. மட்டுமே. அதே 17 ஸ்ட்ராண்ட் இங்கே 2.98 கிலோபாஸ்கலைத்தான் தூக்கும், அதாவது தன் எடையில் 60 சதவீதம். மொமென்ட் அதிகம் வரும் ஸ்பானில் தூக்கும் சக்தி குறைவு. கடைசி ஸ்பானுக்கு மட்டும் கூடுதல் ஸ்ட்ராண்ட் போடும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது. ஒரு மென்பொருள் கடைசி ஸ்பானிலும் உள் ஸ்பானிலும் ஒரே சமன் சதவீதத்தை ஒரே எண்ணிக்கையில் காட்டினால், ஆங்கர் உயரத்தைத் தப்பாக வாங்கியிருக்கிறது என்று உடனே சந்தேகப்படலாம்.

இன்னொரு எளிய பொறியும் உண்டு. ஸ்ட்ராண்டின் உடையும் விசை 183.7 கிலோநியூட்டன்; ஜாக் இழுக்கும் உச்சம் அதில் 80 சதவீதம், 147. இழப்பைக் கழிக்காமல் இந்த 147-ஐயே யாராவது பயன்விசை என்று பதிந்திருந்தால் சமன் சுமை 5.07 கிலோபாஸ்கலாக ஏறி, தன் எடையையே தாண்டிவிடும். 80 சதவீதம் என்று திட்டமிட்ட ஸ்லாபில் 101 சதவீதம் தெரிந்தால் தேட வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடாப்ட்: பழைய இரட்டைப் பரிமாண முறையின் நேர்மை

அடாப்டில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று, ஒரு ஸ்ட்ரிப்பை (தூண்வரிசை ஒன்றைச் சேர்ந்த ஸ்லாப் பட்டை) தனி ஃபிரேமாகப் பார்க்கும் பி.டி. நிரல், மற்றொன்று, முழுத் தளத்தையும் ஃபைனைட் எலிமென்டில் (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) பார்க்கும் பில்டர். சரிபார்ப்பு என்று வந்தால் முதலாவதுக்கு இன்னும் மதிப்பு குறையவில்லை. ஸ்பான் வாரியாக விசை, சராசரி முன்னழுத்தம், சமன் சதவீதம் மூன்றையும் ஒரே ரீசைக்கிள் சாளரத்தில் அருகருகே வைக்கிறது. மேலே கையால் வந்த 1.22, 79, 60 மூன்றையும் அங்கே அரை நிமிடத்தில் ஒப்பிட்டு முடித்துவிடலாம். மற்ற இரண்டிலும் இதே எண்களைத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இதன் பலவீனமும் அதே எளிமையில்தான் இருக்கிறது. பயன்விசை முறையில் ஓட்டினால் ஸ்பானுக்கு ஸ்பான் எந்த விசையையும் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். உள் ஸ்பானுக்கு 1955, கடைசி ஸ்பானுக்கு 2380 என்று கொடுத்தால் தகைவு எல்லாம் அழகாகத் தேறும். ஆனால் 2380-ஐ 115-ஆல் வகுத்தால் 20.7. ஸ்ட்ராண்ட் முழு எண்ணாகத்தான் வரும்; 20 போட்டால் பற்றாது, 21 போட்டால் அந்த விசையோடு மறுபடி ஓட்ட வேண்டும். கூடுதல் ஸ்ட்ராண்ட் முதல் உள் தூணைத் தாண்டி எங்கே முடிகிறது, அந்த ஆங்கர் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும் இந்த முறையில் கணக்குக்குள் தானாக வராது. இறுதி ஓட்டத்தை இழப்புகளைக் கணக்கிடும் ஸ்ட்ராண்ட் முறையில் செய்துவிட்டு, சராசரி விசை 115-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே சரி.

அடுத்த வரம்பு சுவர். இரட்டைப் பரிமாண நிரல் முழு முன்னழுத்தமும் ஸ்லாபிலேயே நிற்கிறது என்று நம்புகிறது. இரு முனையிலும் லிஃப்ட் சுவர் உள்ள தளத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. பில்டருக்குப் போக வேண்டியது அப்போதுதான்.

பில்டரில் தூண்களை இணைக்கும் சப்போர்ட் லைன் வரைவதில்தான் தவறுகள் குவிகின்றன. தூண்கள் ஒரே கோட்டில் இல்லாத தளத்தில் தானியங்கி கொடுக்கும் கோடுகளை அப்படியே விட்டால், இரண்டு ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் ஸ்லாப் யாருக்கும் சொந்தமில்லாமல் விடுபடும், அல்லது ஒரே பகுதி இரண்டிலும் சேரும். ஒரு திசையின் எல்லா ஸ்ட்ரிப் பரப்புகளையும் கூட்டித் தளப் பரப்போடு ஒப்பிடுவது மிகச் சாதாரண வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

ராம் கான்செப்ட்: ஆடிட்டர் இருப்பதே பாதி பலம்

பென்ட்லியின் ராம் கான்செப்டில் எந்த வெட்டையும் சொடுக்கி ஆடிட்டர் அறிக்கையை எடுக்கலாம். அந்த வெட்டைக் கடக்கும் டென்டன்கள், அவற்றின் ஆழம், எந்தச் சுமைக்கூட்டு ஆட்சி செய்கிறது, கம்பி எந்த விதியால் வந்தது என்று வரி வரியாகக் கொட்டுகிறது. அறிக்கை நீளமானது, படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் 'இது ஏன் தேறியது?' என்ற கேள்விக்கு மூன்றிலும் மிக நேரான பதில் இதில்தான் கிடைக்கிறது.

சமன் சுமை, ஹைப்பர்ஸ்டேட்டிக் என்று தனித்தனி லோடிங் தானாகவே உருவாகி நிற்பது அடுத்த நல்ல அம்சம். முதலில் ஓட்ட வேண்டிய சோதனை இங்கேதான்: ஹைப்பர்ஸ்டேட்டிக் லோடிங்கில் எல்லாத் தூண் ரியாக்ஷனையும் (தூண் ஸ்லாபுக்குத் தரும் தாங்கு விசை) கூட்டுங்கள். பூஜ்யம் வர வேண்டும். ஸ்லாபை உள்ளுக்குள் இருந்து அழுத்தும் கேபிள் வெளி உலகத்துக்கு நிகர எடை எதையும் கொடுக்க முடியாது. பூஜ்யம் வரவில்லை என்றால் டென்டன் ஒன்று ஸ்லாப் விளிம்புக்கு வெளியே போயிருக்கிறது, அல்லது படிமட்டம் மாறும் இடத்தில் புரொஃபைல் அறுந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை வடிவம். ஹைப்பர்ஸ்டேட்டிக் மொமென்ட் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நேர்க்கோடாகத்தான் போக வேண்டும், ஏனென்றால் அதைத் தருவது தூண் ரியாக்ஷன் மட்டுமே. ஸ்பான் நடுவில் அது வளைந்தால், ஸ்ட்ரிப்பின் அகலம் வழியில் மாறுகிறது அல்லது பக்கத்து ஸ்ட்ரிப்புக்குச் சுமை கசிகிறது.

நம் ஸ்லாபுக்கு இதைக் கையாலும் போடலாம். கூடுதல் ஸ்ட்ராண்ட் இல்லாமல், தூண் விறைப்பையும் விட்டுவிட்டால், உள் தூண் மேல் சமன் சுமை தரும் மொமென்ட் 178 கிலோநியூட்டன்-மீட்டர். விசையை 65 மி.மீ. மையவிலகலால் பெருக்கினால் முதன்மை மொமென்ட் 127. வித்தியாசம் 51, அதுதான் ஹைப்பர்ஸ்டேட்டிக். கடைசித் தூணில் 8-ஆல் வகுத்து 6.4 கிலோநியூட்டன் மேல்நோக்கி, முதல் உள் தூணில் அதே அளவு கீழ்நோக்கி. மறுபாதியிலும் அப்படியே. கூட்டினால் பூஜ்யம்.

மென்பொருள் இதற்கு 51 சொல்லாது. அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கையால் போட்டது தூண் மேல் கூர்முனையாக முறியும் பரவளைவு. நிஜ டென்டன் தூணுக்கு இருபுறமும் ஸ்பானில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குத் தலைகீழாக வளைந்து போகும். அந்த வளைவைச் சேர்த்தால் உள் ஸ்பானில் மீட்டருக்கு 31.8 என்று முழு நீளத்துக்கும் இருந்த மேல்நோக்குச் சுமை, நடு 6.4 மீட்டரில் 39.7 ஆகவும், தூணருகே 0.8 மீட்டரில் கீழ்நோக்கி 158.8 ஆகவும் மாறுகிறது. மேலே போகும் மொத்தமும் 254 கிலோநியூட்டன், கீழே வரும் மொத்தமும் 254. ஆனால் முனை மொமென்ட் சுமார் 10 சதவீதம் இறங்கிவிடுகிறது: 178 என்பது 160 பக்கம் வரும், 127 அப்படியே நிற்கும், ஹைப்பர்ஸ்டேட்டிக் 30-களுக்கு வந்துவிடும். இரண்டு பெரிய எண்களின் கழித்தலில் வரும் சிறிய எண் இது. பெரியதில் 10 சதவீதம் அசைந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே ஹைப்பர்ஸ்டேட்டிக் எண்ணைக் கைக்கணக்கோடு நேராக ஒப்பிடாதீர்கள். சமன் மொமென்டையும் முதன்மை மொமென்டையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

குறி பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை ஸ்லாபில் உள் தூண் மேல் ஹைப்பர்ஸ்டேட்டிக் மொமென்ட் தொய்வுத் திசையில் இருக்கும். அதனால் தூண் மேல் எதிர் மொமென்டைக் குறைத்து, நடு ஸ்பான் மொமென்டைக் கூட்டும். உச்ச நிலைச் சுமைக்கூட்டில் அது 1.0 மடங்காகச் சேர வேண்டும். அங்கே ஹைப்பர்ஸ்டேட்டிக்குப் பதிலாக முழுச் சமன் சுமையைச் சேர்த்துவிட்டால் டென்டனின் உதவி இரண்டு முறை எண்ணப்படும்: ஒரு முறை சுமைப் பக்கம், ஒரு முறை தாங்குதிறன் பக்கம். ஸ்லாப் அட்டகாசமாகத் தேறும், கம்பி கிட்டத்தட்ட இல்லாமலே. சுமைக்கூட்டுப் பட்டியலைக் கையால் திருத்திய எந்தக் கோப்பிலும் முதலில் பார்க்க வேண்டிய வரி இது.

ராம் கான்செப்டின் தொல்லை என்றால் ஸ்ட்ரிப் அமைப்பில் இருக்கும் தேர்வுகளின் எண்ணிக்கை. முறுக்கு மொமென்டைச் சேர்க்கவா, வெட்டு முகத்தை எவ்வளவு கத்தரிக்க, விதிநூலில் எந்தத் தளவகை என்று ஒவ்வொரு ஸ்பான் துண்டுக்கும் கேட்கிறது. வேறு வேலையிலிருந்து நகலெடுத்த கோப்பில் ஒரு துண்டு மட்டும் ஒருவழி ஸ்லாப் விதிகளில் சிக்கியிருந்தால் அதைக் கண்ணால் பிடிப்பது கடினம். டிராப் பேனல் (தூணருகே ஸ்லாபைத் தடிமனாக்கிய பகுதி) இருக்கும் இடத்தில் வெட்டைக் கத்தரிக்கும் தேர்வு மாறினால் குறைந்தபட்சக் கம்பியும் மாறும். அமைப்புகளை அட்டவணையாக எடுத்து, பத்தி பத்தியாகப் படிப்பதுதான் வழி.

சேஃப்: தொடர்பு நல்லது, ஆனால் இயல்புநிலையை நம்ப முடியாது

சி.எஸ்.ஐ.யின் சேஃப் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் முழுக் கட்டட மென்பொருளான ஈடாப்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள். முழுக் கட்டடத்திலிருந்து தளத்தையும் தூண் சுமைகளையும் தூக்கி வருவது சுலபம். கிடைவிசை மொமென்ட் தூண் வழியாக ஸ்லாபுக்குள் வரும் தளங்களில் அது பெரிய வசதி. பி.டி. மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கூடுதல் கண்காணிப்பு தேவை.

முதல் விஷயம் இழப்பு. டென்டன் இழப்பைச் சதவீதமாகவோ, நிலையான தகைவாகவோ, உராய்வு முதலானவற்றிலிருந்து விரிவாகக் கணக்கிட்டோ கொடுக்கலாம். சதவீதத்தில் விட்டுவிட்டால் ஒருமுனையில் இழுக்கும் நீண்ட கேபிளின் மறுமுனையிலும் அதே விசை என்றே எடுத்துக்கொள்ளும். பிணைப்பில்லாத ஸ்ட்ராண்டில் இது சிறிய தப்பு. டக்டுக்குள் போகும் பிணைப்புள்ள கேபிளில் உராய்வு அதிகம் என்பதால் பெரிய தப்பு.

இரண்டாவது ஸ்ட்ரிப். காலம் ஸ்ட்ரிப் (தூண் வழிப் பட்டை), மிடில் ஸ்ட்ரிப் (நடுப் பட்டை) என்று பிரித்து வைத்தால் தூண் வழிப் பட்டையில் இழுதகைவு எகிறி, சிவப்பாகும். ஏ.சி.ஐ.யின் இருவழி பி.டி. ஸ்லாபுக்கு √35-இன் பாதி, அதாவது 2.96 மெகாபாஸ்கல் என்ற வரம்பு பட்டையாகப் பிரிக்காத முழு அகலத்தின் (இங்கே 8 மீட்டர்) சராசரித் தகைவுக்கானது. பட்டையாகப் பிரித்த தகைவை அந்த வரம்போடு ஒப்பிட்டால் தேவையில்லாமல் ஸ்ட்ராண்ட் கூடும். பிரிட்டனின் தொழில்நுட்ப அறிக்கை 43-ஐ, அதன் 2005-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பை, பின்பற்றுபவர்களுக்கு நிலைமை வேறு: அங்கே முழு அகல முறைக்கு ஒரு வரம்பு, ஃபைனைட் எலிமென்ட் முறைக்கு வேறு வரம்பு. ஒன்றின் தகைவை மற்றொன்றின் வரம்போடு சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெட்டு எங்கே என்பது இதைவிட நுட்பமானது. நம் ஸ்லாபில் சேவைச் சுமை 9.5-இல் சமன் சுமை 3.97 போனால் நிகரம் 5.53 கிலோபாஸ்கல். தூண் மையத்திலிருந்து மையத்துக்கு எடுத்தால் மொத்த நிலை மொமென்ட் 354. அதில் 65 சதவீதம் உள் ஸ்பானின் தூண் மேல் என்று தோராயமாக வைத்தால் 230. பிரிவு மாடுலஸ் 53.3 மில்லியன் கன மி.மீ.; வளைவுத் தகைவு 4.31, முன்னழுத்தம் 1.22 போக இழுதகைவு 3.09. வரம்பு 2.96. தேறவில்லை. இதையே தூண் முகத்திலிருந்து முகத்துக்கு, 7.5 மீட்டருக்கு எடுத்தால் மொமென்ட் 311, அதில் 65 சதவீதம் 202, இழுதகைவு 2.57. தேறிவிட்டது. ஒரே ஸ்லாப், ஒரே கேபிள். வெட்டு 250 மி.மீ. நகர்ந்ததில் சிவப்பு பச்சையாகிறது. சேஃபில் மட்டுமல்ல, எதிலும் தகைவு வரைபடம் சிவப்பாக இருந்தால் கேபிள் சேர்க்கும் முன் வெட்டுக்கோடு தூண் முகத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 65 சதவீதம் என்பது விரைவுச் சோதனைக்கு மட்டுமே, வடிவமைப்புக்கு அல்ல.

ஃபைனைட் எலிமென்ட் விடையின் நாணயத்தைச் சோதிக்கச் சிறந்த கருவியும் இதே நிலை மொமென்ட்தான். கேபிளை விட்டுவிட்டு, சுமைகளை மட்டும் ஓட்டுங்கள். உள் ஸ்பானில் இரு தூண் முகத்து எதிர் மொமென்டின் சராசரியையும் நடு நேர் மொமென்டையும் முழு 8 மீட்டர் அகலத்துக்குக் கூட்டினால் 534 கிலோநியூட்டன்-மீட்டர் வர வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வெட்டு முழு அகலத்தைப் பிடிக்கவில்லை. மெஷ் நுணுக்கமாக்கினால் தூண் மேல் உச்சப் புள்ளி ஏறிக்கொண்டே போகும், அது இயல்பு. முழு அகலத்துக்குக் கூட்டிய எண் அசையக் கூடாது. அசைந்தால் மெஷ் இன்னும் முரடு.

பஞ்சிங்கில் மூன்றும் ஒரே மாதிரி ஏமாற்றும்

பஞ்சிங் என்பது தூண் ஸ்லாபைக் குத்தித் துளைக்கப் பார்ப்பது. உள் தூண் ஒன்றுக்கு 64 சதுர மீட்டர். 1.2, 1.6 மடங்குகளோடு சுமை 12.6 கிலோபாஸ்கல், தூணுக்கு 806 கிலோநியூட்டன். மென்பொருளின் ரியாக்ஷன் இதைச் சுற்றியே இருக்க வேண்டும். முதல் உள் தூணில் தொடர்ச்சி காரணமாகக் கூடும். ஹைப்பர்ஸ்டேட்டிக் சில கிலோநியூட்டன் மாற்றும்.

பயன் ஆழம் 160 மி.மீ. என்றால் சுற்றளவு 2640 மி.மீ., வெட்டுத் தகைவு (ஷியர்) 1.91 மெகாபாஸ்கல். முன்னழுத்த ஸ்லாபுக்கான சூத்திரம்: 0.29 மடங்கு √35, கூட 0.3 மடங்கு சராசரி முன்னழுத்தம். √35 என்பது 5.92, ஆனால் இந்தச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்கு 5.8 என்று உச்சவரம்பு இருப்பதை மறக்கக் கூடாது. டென்டனின் செங்குத்துக் கூறை விட்டுவிட்டால் 2.05, 0.75-ஆல் பெருக்கினால் 1.54. ஆக, மொமென்ட் சேர்க்கும் முன்பே தேறவில்லை. ஸ்டட் ரெயில் (ஷியரைத் தாங்கத் தூணைச் சுற்றி நிறுத்தும் கம்பிகள்) அல்லது டிராப் பேனல் இல்லாமல் இந்த ஸ்லாபை விட முடியாது. மென்பொருள் இதைத் தேறியதாகக் காட்டினால், ஸ்டட் போடுவதாக அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்டட் வரைபடத்தில் ஏறியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

இந்தச் சூத்திரம் தளத்தின் விளிம்பிலிருந்து தடிமனின் நாலு மடங்குக்குள் இருக்கும் தூணுக்குப் பொருந்தாது. நம் ஸ்லாபில் அது 800 மி.மீ. விளிம்புத் தூண்கள் எல்லாம் சாதாரணக் கான்கிரீட் சூத்திரத்துக்குத் திரும்ப வேண்டும். கை பார்க்க வேண்டிய இன்னொரு இடம் தூணை ஒட்டிய துளைகள்: வரைபடத்தில் பிறகு வந்த குழாய்த் துளை மாடலில் இருக்காது, சுற்றளவு மட்டும் குறைந்துவிடும்.

சேஃபில் சில தூண்களில் 'என்/சி' என்று வரும். கணக்கிடப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். சிவப்பாக இல்லை என்பதால் தேறியதாக எடுத்துக்கொள்வது மிகச் சகஜமான, மிக ஆபத்தான வாசிப்பு. அப்படி வந்த ஒவ்வொரு தூணையும் கையால் போட்டே ஆக வேண்டும்.

கம்பி, தொய்வு, சுவர்

தூண் மேல் பிணைப்புள்ள குறைந்தபட்சக் கம்பி ஸ்ட்ரிப் பரப்பில் 0.00075: நம் ஸ்லாபுக்கு 1200 சதுர மி.மீ., அதாவது 12 மி.மீ. கம்பி 11, ஒவ்வொரு திசையிலும். அவை தூண் முகத்திலிருந்து இருபுறமும் தடிமனின் ஒன்றரை மடங்குக்குள், 1100 மி.மீ. அகலத்தில் அடங்க வேண்டும். எண்ணிக்கை மூன்று மென்பொருளும் சரியாகவே சொல்லும். சிலசமயம் வரைபடத்துக்குப் போகும்போது அதே 11 கம்பி 8 மீட்டர் அகலத்துக்கும் பரவிவிடும். நடு ஸ்பானில் இழுதகைவு 0.82, √35-இன் 0.17 மடங்கான 1.0-ஐ அது தாண்டவில்லை என்பதால் அங்கே அடிக்கம்பியை இந்த விதி கேட்பதில்லை. உச்ச வலிமைக்கு வேண்டுமா என்பது தனிக் கணக்கு. தூணுக்குள் ஒவ்வொரு திசையிலும் குறைந்தது இரண்டு ஸ்ட்ராண்ட் போக வேண்டும் என்ற விதியை வரைபடத்தில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தொய்வுக்கு நல்ல கைச்சோதனை ஒன்று உண்டு. புள்ளித் தாங்கிகள் மேல் நிற்கும் சதுர உள் பேனலின் நடுத் தொய்வு, சுமையை ஸ்பானின் நான்காம் அடுக்கால் பெருக்கி, பிளேட் விறைப்பால் வகுத்து, 0.00581-ஆல் பெருக்கினால் வரும். நம் ஸ்லாபுக்கு ஒரு கிலோபாஸ்கலுக்கு 1.2 மி.மீ. நிலைச்சுமையிலிருந்து சமன் சுமை போக 2.53, உடனடித் தொய்வு 3.1 மி.மீ. பயன்சுமைக்கு 3.7 மி.மீ. மென்பொருள் விரிசல் இல்லாத ஓட்டத்தில் இதையொட்டி வர வேண்டும். இங்கே ஒரு கண்ணி: இரு திசைக் கேபிளும் தலா 3.97 தூக்குகிறதே என்று இரண்டையும் கூட்டிக் கழிக்கக் கூடாது. ஒரு திசைக் கேபிள் சுமையைத் தூண்வரிசைக்குக் கொண்டுபோகிறது, மற்றத் திசை அங்கிருந்து தூணுக்குக் கொண்டுபோகிறது. ஒரே சுமை இரண்டு கைமாறுகிறது.

சுவர் விஷயத்தில் ஒரே ஒரு எண் போதும். வெட்டைக் கடக்கும் டென்டன் விசை 1955; அதே வெட்டில் கான்கிரீட்டில் உள்ள அச்சு அழுத்த விசையை மென்பொருளிடம் கேளுங்கள். 1955-க்குப் பக்கத்தில் வந்தால் தளம் தாராளமாகச் சுருங்குகிறது. 1300 என்று வந்தால் மீதியைச் சுவர்கள் வாங்கிவிட்டன; ஸ்லாபில் நிற்பது 0.81 மெகாபாஸ்கல், குறைந்தபட்சத்துக்கும் கீழே. இது மாடலில் சுவருக்குக் கிடைவிறைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததால் வந்ததா, நிஜமாகவே அப்படியா என்று தீர்மானிக்க வேண்டியது பொறியாளர். நிஜம் என்றால் போர் ஸ்ட்ரிப்போ (பிறகு கான்கிரீட் ஊற்ற விடும் இடைவெளி) நகரும் இணைப்போ வேண்டும். கேபிள் சேர்ப்பது பயன் தராது, சேர்த்ததையும் சுவரே வாங்கும்.

எதை வாங்கலாம்

ஒழுங்கான கட்டம், சுவர் குறைவு என்றால் அடாப்டின் இரட்டைப் பரிமாண நிரலே போதும். வேறு எதில் வடிவமைத்தாலும் சரிபார்க்க இதை வைத்துக்கொள்ளலாம். கோணல் தளம், மேல்மாடித் தூண்களைத் தாங்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாப், வெட்டு வெட்டாக வாதாட வேண்டிய வேலை என்றால் ராம் கான்செப்ட். டிரான்ஸ்ஃபர் ஸ்லாபில் மேல்மாடிச் சுமை வரும் முன்பே கேபிளை இழுப்பதால் ஆரம்ப நிலை இழுதகைவு ஆட்சி செய்யும். கட்டம் கட்டமாக இழுப்பதையும் அதற்கேற்பத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். ஈடாப்ஸோடு வாழும் அலுவலகத்துக்கு சேஃப். ஆனால் இழப்பு முறை, ஸ்ட்ரிப் வகை, 'என்/சி' மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு.

மூன்றும் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. தூண் மேல் இரு திசைக் கேபிளும் ஒரே 35 மி.மீ. ஆழத்தில் உட்கார முடியாது. உறையோடு சேர்த்து ஒரு கேபிள் சுமார் 16 மி.மீ.; ஒன்று மற்றதற்குக் கீழேதான் போகும். இரு திசைக்கும் 35 என்று பதிந்தால் எந்த மென்பொருளும் முறைக்காது. கீழே போகும் திசையில் டிரேப் 114 ஆகிறது; 17 ஸ்ட்ராண்டின் சமன் சுமை 3.97-இலிருந்து 3.48-க்கு இறங்குகிறது, அதே 4.0-ஐ எட்ட 20 ஸ்ட்ராண்ட் கேட்கும். ஒரு திசையில் கேபிள்களைத் தூண்வரிசையில் கட்டாகவும் மறுதிசையில் பரவலாகவும் போடும் அமைப்பில், கட்டுக் கேபிளைக் கீழே தள்ளினால் 17-உம் டிரேப்பை இழக்கும். கட்டை மேலே வைத்தால் தூண் வழியாகப் போகும் சில பரவல் கேபிள்கள் மட்டும் இறங்கினால் போதும். அந்தச் சில கேபிள்களை முதலில் விரித்து, அதன் மேல் கட்டு, அதன் பிறகு மீதிப் பரவல் என்ற விரிக்கும் வரிசையை வரைபடத்தில் எழுதிவிட்டு, மாடலிலும் அந்த ஆழங்களை மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள்.